வினோதினி அக்கா என்னை நம்பி நீட்டிய கை

வினோதினி அக்கா இறந்த செய்தி டியூஷன் சாரின் போனுக்கு வந்தது. பேசியது என் அம்மா. “பொண்ண அனுப்பி வுடுங்க சார். நேரா வூட்டுக்கு வரணும். பக்கத்து வூட்ட எட்டிக்கூடப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.” கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே மதில். அந்தப் பக்கத்து அழுகையைக் கேட்டபடி உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுடன் கல்லூரியில் உளவியல் படித்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் நடத்தும் நினைவுக் கூட்டத்துக்கு என்னை விட மாட்டார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

மாடியில் காய்ந்த துணி எடுக்கும்போதுதான் அவள் தன் பாடத்தைப் பற்றி முதலில் சொன்னாள். மனதுக்கு நீளமில்லை, எடையில்லை, அது அறிவியலாகாது என்று பெரிய அறிஞர்களே சொன்ன காலத்தில், ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் அதற்கென்றே ஆய்வுக்கூடம் தொடங்கினாராம். சத்தம் கேட்டதிலிருந்து கை அசையும்வரை ஆகும் நேரத்தை அங்கே அளந்தார்களாம். “நீளம் இல்லாட்டி இன்னாடி, வேலை செய்ய நேரம் எடுக்குதுல்ல? அதுலதான் மனச புடிச்சாங்க” என்றாள். அப்பாவிடம் சொன்னேன். “மனச அளக்குறாளாமா? இன்னாத்துல, படியிலயா மரக்காலுலயா?” என்றார். அதைக் கேட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எங்களிடம் இருந்த கருவி ஒரு ஸ்கேல். ஒருவர் மேலிருந்து நழுவவிட, மற்றவர் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். எவ்வளவு தூரம் விழுகிறதோ அவ்வளவு தாமதம். அவள் அளப்பாள், நான் பிடிப்பேன் என்றுதான் நினைத்தேன். “அங்க அளக்குறவங்களும் அளக்கப்படுறவங்களும் எடம் மாத்திப்பாங்க. பேராசிரியரே வந்து உக்காருவாராம். இந்தா, நீ என்னய அளடி” என்று கையை நீட்டினாள்.

அதனால்தான் எனக்கு முதலில் தெரிந்தது. பொங்கலுக்குப் பிறகு அவளுடைய வலது கை தாமதிக்கத் தொடங்கியது. சில நாள் ஸ்கேல் தரைக்கே போனது.

“அக்கா, உன் கை லேட்டா வருது.”

“நைட்டெல்லாம் அசைன்மென்ட் எழுதுனேன்டி. தூக்கம் இல்ல.”

“அப்ப எடது கை மட்டும் எப்படிச் சரியாப் புடிக்குது?”

அவள் ஸ்கேலை வாங்கி வைத்தாள். என்னையும் அழைத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் போய், டாக்டரிடம் காட்டலாம் என்றாள். அவர் அடுப்பிலிருந்து திரும்பாமலே, “ஸ்கேல வச்சி நோவு கண்டுபுடிக்க இவ இன்னா டாக்டரா? கண்ணு பட்டுருக்கு, சுத்திப் போட்டா சரியாப் போயிடும். பரீட்ச முடியட்டும்” என்றார். என் அம்மாவிடம் சொன்னேன். பள்ளியில் மிஸ்ஸிடமும் சொன்னேன். படிக்கிற வேலையைப் பார் என்றார்கள். அக்காவுக்குச் சுற்றிப் போட்டார்கள், கயிறு கட்டினார்கள். பேச்சு குழறி அவள் கீழே விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். மூளையில் கட்டி, ரொம்பத் தாமதம் என்று டாக்டர் சொன்னாராம்.

இப்போது தெருவில் வேறு பேச்சு. அவள் பேயாகி என்மேல் வந்துவிட்டாளாம். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பெண் அவ்வளவு முன்னதாக எப்படிச் சொல்லியிருப்பாள் என்கிறார்கள். நான் சொன்னபோது அக்கா உயிரோடு இருந்தாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. விடிந்ததும் என்னைப் பூசாரியிடம் கூட்டிப்போகிறார்கள். “உள்ள யாரு இருக்கா, சொல்லு” என்று கேட்டு வேப்பிலையால் அடிப்பார்களாம். பெயரைச் சொல்லும்வரை விட மாட்டார்களாம். எந்தப் பெயரை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நடக்க முடியாமல் படுத்திருந்த நாளில் அக்கா குழறலோடு ஒன்று சொன்னாள்: “அந்த ஆய்வுக்கூடத்துல உக்காந்தா உள்ள இருக்குறத அப்படியே சொல்லணும்டி. அடுத்தவங்க கேக்க ஆசப்படுறதச் சொன்னா அது கணக்குல சேராது.” அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். ஆனால் எனக்கு அடி தாங்காது. வினோதினி என்று நான் சொல்லிவிட்டதாக நாளைக்கு நீங்கள் கேள்விப்பட்டால், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே இப்போது பயம் இருக்கிறது. நான் இருக்கிறேன். வேறு யாரும் இல்லை.