எல்டன் டெஸ்கேக்குப் பால் ஆகாது

எல்டன் டெஸ்கே சாப்பிட்டு முடிப்பதற்குள் மற்றவர்கள் எழுந்து, கை கழுவி, ஊர் வம்பு பாதியைப் பேசி முடித்திருப்பார்கள். இறைச்சியைப் பச்சைக் குழந்தைக்கு நறுக்குவதுபோல நறுக்குவான். ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். பாதித் தட்டில் "மாட்டைப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்துவிடுவான். பால் பண்ணைக்குப் பேர்போன எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் கறவை மாடு வைத்திருப்பவனுக்கு எழுந்துபோகக் காரணமா கிடைக்காது?

அவன் பெண்டாட்டி மார்லிஸ் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். தன் சமையல் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று கல்யாணமான புதிதிலேயே முடிவுகட்டி, உள்ளுக்குள்ளேயே புழுங்கினாள். கேட்டுத் தொலைத்திருக்கலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் "இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கமா இருக்குல்ல" என்பதுதான் எங்கள் வாயில் வரும்.

போன வருஷம் மார்லிஸின் தம்பி கர்ட் வீட்டு விருந்தில் ஒரு துண்டு மாட்டிறைச்சி எல்டனின் நெஞ்சுக்குழியில் சிக்கிக்கொண்டது.

"என்ன மச்சான், மாடுங்க கூடவே இருந்து உனக்கும் அசைபோடுற பழக்கம் வந்துடுச்சா?" என்றான் கர்ட்.

எல்டன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்தபிறகு கர்ட்டும் சிரிக்கவில்லை. அவன்தான் வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுத் துண்டை எடுத்தார்கள். உணவுக்குழாய் உள்ளே வளையம் வளையமாகத் தடித்துச் சுருங்கிப் போயிருந்தது. தினமும் தின்கிற ஏதோ ஒன்றை உடம்பு விரோதியாக நினைத்துக்கொண்டு, பல வருஷமாக அந்த இடத்தை வீங்க வைத்திருக்கிறது என்றாள் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது மார்லிஸ் அழுதுவிட்டாள்.

"அப்ப என் சமையல் இல்லையா?"

"உன் சமையலா? அதுக்கு என்ன கொறச்சல்?"

"சாப்பிட முடியலன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன கேடு உனக்கு?"

"எல்லாருக்கும் இப்பிடித்தான் எறங்கும்னு நெனச்சேன்," என்றான் எல்டன்.

அவனை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரும்பாலும் பால்தான் குற்றவாளி, முதலில் அதை நிறுத்திப் பார்க்கலாம் என்றாள் டாக்டரம்மா. எல்டன் ஒத்துக்கொள்வானா?

"பாலா இருக்காதும்மா. கோதுமையாத்தான் இருக்கும். என் நெலத்துல நான் கோதுமை போடறதில்ல."

அந்தப் பிடிவாதத்துக்குச் சில வாரம் கோதுமையை விட்டான். அரிசி மாவு ரொட்டி என்ற பெயரில் விற்ற சுண்ணாம்புக்கட்டியை மென்றான். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். வீக்கம் அப்படியே இருந்தது. அடுத்து முட்டையை விட்டான். அதுவும் நிரபராதி.

"சோயாவா இருக்குமோ?" என்றான்.

"இன்னும் யார் தலையிலதான் பழியப் போடப்போறீங்க, எல்டன்?" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டாள்.

மருந்து விழுங்கினால் பாலை விடவேண்டியதில்லை என்றும் ஒரு வழி இருந்தது. ஆனால் அந்த மருந்தில் அவன் வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்து புண்ணாகிவிட்டது. கடைசியில் பால், வெண்ணெய், சீஸ், காப்பியில் விடும் க்ரீம் எல்லாம் போயின. அடுத்த முறை பார்த்தபோது வீக்கம் வடிந்திருந்தது. சுருங்கிய இடத்தை டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிட்டாள்.

விடியற்காலையும் சாயங்காலமும் பால் கறக்கிறவனுக்குப் பால் ஆகாது. இந்த அவமானம் வெளியே தெரியாமலிருக்க மார்லிஸ் மாட்டுப்பாலுக்குப் பதிலாக ஓட்ஸ் பாலைப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வாங்கிவந்தாள். கொட்டகைக் குளிர்பெட்டியில் கன்றுக்குட்டி மருந்துக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்தார்கள். சாராயம் பதுக்கியவர்கள்கூட இத்தனை பயந்திருக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜூன் மாதக் காலை விருந்து அவர்கள் பண்ணைக்கு வந்தது. வருஷா வருஷம் ஒரு பண்ணையில் மாவட்டமே கூடி அப்பமும் சாசேஜும் தின்னும். பண்ணைக்காரன் முதல் தம்ளர் பாலைத் தூக்கிக் குடித்தபிறகுதான் மற்றவர்கள் கைவைப்பார்கள்.

"ஒரு தம்ளர்தான, மார்லிஸ். ஒண்ணும் அடைச்சிக்காது," என்றான்.

"ஒரு தம்ளரோட நிக்குமா? அன்னிக்குக் குடிச்சிட்டா அடுத்த வாரம் கர்ட் வீட்டுல எப்பிடி வேணாம்ப? அப்புறம் சர்ச்சுல ஐஸ்கிரீம். மறுபடி வீங்கும். மறுபடி பாதித் தட்டுல எந்திரிச்சு மாட்டைப் பாக்கப் போயிடுவ. என்னால அதப் பாத்துட்டு இருக்க முடியாது."

  எல்டன் எதையும் விட்டுக்கொடுப்பான், ஊருக்கு முன்னால் கௌரவத்தை மட்டும் விடமாட்டான்.

விருந்தன்று கொட்டகை நிரம்பி வழிந்தது. கர்ட் மைக்கை எல்டனின் ஒரு கையிலும் தம்ளரை மறு கையிலும் திணித்தான். அப்பக் கல்லுக்குப் பின்னால் நின்ற மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

எல்டன் தொண்டையைக் கனைத்தான்.

"நல்ல பால். என் மாடுங்க பால். ஆனா எனக்கு ஆகாது. குடிச்சா உள்ள வீங்கி, சோறு எறங்காது. அதனால நீங்க குடிங்க." தம்ளரை கர்ட்டிடமே கொடுத்தான். "எனக்காக இவன் குடிப்பான்."



"இத மாடுங்ககிட்ட மட்டும் முன்னாடியே சொல்லியிருப்பான்," என்றபடி கர்ட் ஒரே மூச்சில் குடித்து, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். ஜனம் கைதட்டிச் சிரித்துவிட்டு வரிசைக்கு ஓடியது. பசிக்கு முன்னால் எவனுடைய உணவுக்குழாயும் பெரிய செய்தியில்லை.

மார்லிஸ் ஓட்ஸ் பால் டப்பாவை எல்லோரும் பார்க்கும்படியே எடுத்து, அவனுக்கென்று தனியாக வைத்திருந்த மாவில் ஊற்றினாள். எண்ணெய் விட்டு அப்பம் சுட்டு, மேப்பிள் பாகு ஊற்றி அவனிடம் நீட்டினாள். எல்டன் நீள மேசையில், கர்ட்டுக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்தான். அவர்களோடு பேசிக்கொண்டே தின்றான். அவள் ஒரு கண்ணையாவது கல்லில் வைத்திருந்தாளா என்பதே சந்தேகம். வரிசையில் நின்றவர்களுக்கு அப்பம் கருகிப்போனது.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்தான். மாட்டுப் பக்கம் போகிறானோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். அவன் நேராகக் கல்லுக்கு வந்து, துடைத்த மாதிரி இருந்த தட்டை நீட்டினான்.

"இன்னும் ரெண்டு கெடைக்குமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இன்னும் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.