மைக் மாமாவின் டிபன் பாக்ஸ்

எங்கள் சந்தையில் கருவாட்டக்கா கடைச் சரக்குக்கு ஈடே கிடையாது. அவள் வீட்டுக்காரருக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் சொல்லும் வேலை. மைக் மாமா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் அரசாங்கம் அவரிடம் ஒரு காகிதத்தை நீட்டியது: 'கருவாட்டில் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தவிர்க்கவும்.' மனுஷன் அதை மனைவி கடை முன்னால் நின்றே வாசித்தார்.

சந்தையே சிரித்தது. தடை வந்துவிடுமோ என்று பயந்து சிலர் இரட்டிப்பாக வாங்கினார்கள். "எங்க தாத்தா தொண்ணூறு வரைக்கும் தின்னாரு, கொதிப்பாவது கிதிப்பாவது!" என்றார் கறிக்கடைக்காரர். பக்கத்தில் தக்காளி விற்கிற எனக்கோ ஒரே குடைச்சல். இந்த இரண்டு பேரும் வீட்டில் என்னதான் சாப்பிடுகிறார்கள்?

மத்தியானம் மாமா சாப்பிட உட்கார்ந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன மாமா, ஊருக்குத்தான் உபதேசமா? பாக்ஸத் திறங்க, பாப்போம்."

கூட்டம் கூடிவிட்டது. "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அக்கா பதறி எழுந்து வருவதற்குள் மாமா திறந்துவிட்டார். சோறு, வேகவைத்த கீரை, ஒரு முட்டை. கருவாட்டு வாசனைகூட இல்லை.

"நான் என்ன பண்றது? ஒரு வருஷமா வீட்டுக்கு மிச்சமே வர்றதில்ல. தினமும் வித்துத் தீந்துடுதுன்னு சொல்றா" என்றார்.

"தீந்துடுதா? மிச்சத்தை தினமும் மூட்டை கட்டித் தூக்கி வைக்கிறதே நான்தானே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா மனைவியைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிரஷர் மாத்திரை குடுத்த டாக்டர் கருவாடே கூடாதுன்னு அப்பவே என்கிட்ட சொல்லிட்டாரு" என்றாள் அக்கா. "உங்ககிட்ட சொன்னா கேப்பீங்களா? எனக்கு நீங்க வேணும்."

ஒலிபெருக்கிக்கு அசையாத கூட்டம் அந்தக் கீரைக்கு ஆடிப்போனது. கறிக்கடைக்காரர் வாங்கிய பொட்டலத்தைத் திருப்பி வைத்தார். சாயங்காலம் வரை அவள் கடைக்கு ஈ காக்காகூட வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் பரிகாரமாக நானே போய் அரைக் கிலோ கேட்டேன்.

"உனக்குப் பிரஷர் இருக்கா?"

"தெரியாதுக்கா. பாத்ததே இல்ல."

எடுத்த கருவாட்டைக் குவியலிலேயே போட்டாள். "பாத்துட்டு வா. அப்புறம் தரேன்."

"வியாபாரமே படுத்துக் கிடக்கு, இப்பவுமா?"

"அது வேற. நீ வேற. போ."

ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் கறிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். நாக்கு கேட்காமல் காலையிலேயே அக்கா கடைக்குப் போனாராம். அவரையும் அவள்தான் அனுப்பியிருந்தாள்.