கட்டைவிரல் கச்சோரி

சமையலறையிலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தது. சோபாவில் சாய்ந்திருந்த நூல்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“என்னடா விழுந்துச்சு உள்ளே?”

“ஒண்ணும் விழல. என் வீட்டுக்காரி குக்கரைத் தலைகீழா அடுப்புல கவுத்திருக்கா. உள்பக்கம் ரொட்டி ஒட்டியிருக்கும். உனக்காக குல்சா சுடறா” என்றார் ஊசிக்காரர், பெருமையாக.

இருவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் தையல் சாமான் கம்பெனியில் ஒருவர் மெஷின் ஊசி விற்கும் பயணப் பிரதிநிதியாகவும் இன்னொருவர் நூல் விற்பவராகவும் சேர்ந்த நாளிலிருந்து, அந்தப் பெயர்கள் ரேஷன் கார்டுக்கு மட்டும் என்றாகிவிட்டன. வடக்கே ஊர் ஊராக ஒரே ரயிலில் போய், ஒரே லாட்ஜில் தங்கி, ஒரே சோப்பில் குளித்தவர்கள். ஓய்வு பெற்றதும் நூல்காரர் வடக்கிலேயே வேலையிலிருந்த மகனோடு போய்த் தங்கிவிட்டார். இன்றுதான் ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்தவர், சாயங்கால ரயிலுக்கு முன்னால் நண்பனைப் பார்த்துவிட்டுப் போகப் படியேறி வந்திருந்தார்.

“வாசல்லயே தங்கச்சி கையில ஒரு பொட்டி குடுத்தேனே, என்னன்னு கேட்டியா?”

“ஸ்வீட்டா?”

“மடையா! வடக்கே நாம வழக்கமா தின்ன மூலைக்கடை கச்சோரிடா. அதே கடை, அதே கை. இப்பல்லாம் ரயில் வேகம், கெடாம வந்துடுச்சு. கிழவன் இன்னும் இருக்கான். உன்னை விசாரிச்சான். ‘கண்ணை மூடிட்டு சாப்பிடுவாரே, அவர் எங்கே?’ன்னான்.”

ஊசிக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு நண்பனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“என் குடியைக் கெடுத்துட்டியேடா பாவி!”

“என்னடா சொல்றே? கச்சோரிதானே வாங்கிட்டு வந்தேன், கஞ்சாவா?”

“மெதுவாப் பேசு.”

அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு வாழ்க்கையே இருந்தது.

அந்தக் காலத்தில் ஊசிக்காரர் ஓர் ஊரில் இறங்கும்போது பொழுது புலர்ந்திருக்கும், கடைகள் திறந்திருக்காது. தோளில் சாம்பிள் பை. உடம்பைத் துளைக்கிற குளிர். எங்கே போவார்? தெருமுனையில் எங்காவது புகை தெரியும். அந்தப் புகையை நோக்கி நடப்பார். அங்கே குழி அடுப்புக்குள் கையைவிட்டு ஒருவன் ரொட்டி ஒட்டிக்கொண்டிருப்பான். இன்னோர் இடத்தில் பராத்தாவின் மேல் வெண்ணெய்க் கட்டி சறுக்கி ஓடும். மண் குவளையில் டீ. குடிப்பதற்கு முன்னால் இரண்டு கைகளாலும் அதைப் பொத்திச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். மத்தியானம் துணிக்கடை வாசலில் பானிபூரி. வாயில் போட்டதும் உடைந்து, புளிப்பும் காரமுமாய்க் கண்ணில் நீர் வர வைக்கும். யாரும் யாரையும் தெரியாத கூட்டத்தில், இலைத் தொன்னையை ஏந்தியபடி தோளோடு தோள் இடித்து நின்று தின்ற அந்த நிமிஷங்களில், அவர் ஊசி விற்க வந்தவர் இல்லை, ராஜா!

ஆனால் ராஜாவுக்கு ஒரு குறை. ஒவ்வொரு வாய்க்கும் வீட்டில் இருப்பவளின் நினைவு வரும்.

புதுமணப்பெண். பிறந்த வீடு, புகுந்த வீடு தவிர வேறோர் இடம் பார்க்காதவள். ரயில் பயணம் முடிவதற்குள் எதுவும் ஊசிப்போய்விடும் என்று அவர் தின்பண்டம் வாங்கி வருவதில்லை. பதிலாக, வீட்டுக்குள் நுழைந்ததும் தோள் பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்று நடித்துக் காட்டுவார். மாவை இப்படித் தட்டுவான், இப்படி வீசுவான், இப்படி ஒட்டுவான். அவள் மோவாயில் கைவைத்து, சினிமா பார்ப்பதுபோல் பார்ப்பாள். அடுத்த நாள் அது தட்டில் வந்து நிற்கும். குழி அடுப்புக்கு எங்கே போவது? குக்கருக்குள் ரொட்டியை ஒட்டி, குக்கரையே அடுப்பில் கவிழ்த்துவிட்டாள் கெட்டிக்காரி!

கச்சோரியில்தான் விதி விளையாடியது. “உருண்டையா இருக்கும். எடுப்பான், நடுவுல கட்டைவிரலால ஒரே அமுக்கு. அவ்வளவுதான், அதுதான் அதுக்கு அழகே” என்று சொன்னவர், கடைக்காரன் விரலால் அமுக்கியது பொரித்து எடுத்த பிறகு என்பதைச் சொல்ல மறந்தார். உடைந்த ஓட்டைக்குள் உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றுவதற்காக அமுக்குகிறான் என்பதையும் சொல்லவில்லை. தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பசியோடு பார்த்தவருக்கு அதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. அவள் மாவு உருண்டையிலேயே கட்டைவிரலை அமுக்கினாள். அமுக்கியது எப்படி உப்பும்? நடுவில் குழிவிழுந்த தட்டையாக, முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று வந்தது.

எண்ணெய் தெறித்துக் கொப்பளித்த கையோடு அவள் தட்டை நீட்டினாள். “இப்படித்தானேங்க இருக்கும்?”

அந்தக் கண்களைப் பார்த்து யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? “அச்சு அசல் இதேதான்” என்றார்.

அந்த ஒரு வார்த்தை பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப் போனார்கள். மாடி வீட்டுக்காரிக்கும் மகளின் மாமியாருக்கும் கச்சோரி போனது, “வடக்கே இப்படித்தான்” என்ற விளக்கத்தோடு. “என்னையும் ஒரு தடவை அங்கே கூட்டிட்டுப் போங்களேன்” என்று அவள் கேட்டபோதெல்லாம் அவர் ஒரு சாக்கு கண்டுபிடிப்பார். லீவு கிடைக்கலை, குளிர் ஒத்துக்காது, மூட்டுவலி வந்துடும். காரணங்களுக்கா பஞ்சம்? அங்கே வந்து ஒரு கச்சோரியைப் பார்த்தால் போதுமே!

இதையெல்லாம் அவர் அவசர அவசரமாகச் சொல்லக் கேட்ட நூல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“சிரிக்காதேடா. எப்படியாவது அந்தப் பொட்டியைத் திரும்ப வாங்கிடு.”

“குடுத்ததைத் திருப்பிக் கேட்டா என்னைப் பத்தி என்ன நினைப்பா?”

அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். சமையலறையில் சத்தம் நின்றிருந்தது.

அவள் கையில் பெரிய தட்டோடு வந்தாள். ஒரு பக்கம் குல்சா. இன்னொரு பக்கம் அவளுடைய கச்சோரிகள், குழிவிழுந்து வரிசையாக. ஓரத்தில் பெட்டியிலிருந்து எடுத்த ஒன்று, பந்துபோல் உப்பலாக.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஏமாந்துட்டீங்க போலிருக்கே! எல்லாம் ஊதிப்போய்க் கிடக்கு. விரல் வைக்க மறந்துட்டான் அந்த ஆளு.”

சிரிப்பை அடக்கியதில் நூல்காரருக்குப் புரையேறியது. ஊசிக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

“பாவம், அவனும் எத்தனைதான் செய்வான்” என்று கடைக்காரனுக்காகப் பரிதாபப்பட்டபடி, அவள் அந்த உப்பலின் நடுவில் தன் பழகிய கட்டைவிரலை வைத்து அமுக்கினாள்.

‘பொடுக்’.

மேலோடு உடைந்தது. உள்ளே வெற்றிடம், அடியில் கொஞ்சம் பருப்பு மசாலா. விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். ஓட்டையைப் பார்த்தாள், தன் கச்சோரியின் குழியைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

“பொரிச்ச பிறகு அமுக்கணுமா?”

அவள் நூல்காரர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. பொரிச்ச பிறகா?”

நூல்காரர் தலைகுனிந்து குல்சாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “குல்சா பிரமாதம் தங்கச்சி. குக்கர்ல சுட்டதுன்னு சத்தியம் பண்ணாலும் அங்கே எவனும் நம்ப மாட்டான்.”

“நான் கேட்டது அது இல்ல.”

“பொரிச்ச பிறகுதாம்மா” என்றார் ஊசிக்காரர். “முதல் நாளே சொல்லியிருக்கணும். உன் கையில கொப்பளம் இருந்துச்சு. வாய் வரல. அப்புறம் சொல்லவே முடியாம போயிடுச்சு.”

“ஊரெல்லாம் சொல்லி வெச்சேனே! சம்பந்தியம்மாகிட்ட பாடமே எடுத்தேனே! அவங்க தம்பி அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறார். மனசுக்குள்ள எப்படிச் சிரிச்சிருப்பாங்க?” முந்தானை கண்ணுக்குப் போனது. சட்டென்று நடுவழியில் நின்றது. “இருங்க. இதுக்காகவா என்னைக் கூட்டிட்டுப் போகல?”

அவர் ‘ஆமாம்’ என்று தலையசைத்தார்.

“வேற காரணம் எதுவும் இல்லையா?”

“வேற என்ன?”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். “அங்கே உங்களுக்கு இன்னொரு வீடு இருக்குன்னு நினைச்சேன்.”

ஊசிக்காரர் அலறினார். “என்னது!”

“வேற எப்படி நினைக்கிறது? அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே உங்க முகம் மாறும். நான் வர்றேன்னா மூட்டுவலிம்பீங்க, எனக்கு மூட்டுவலியே இல்லாதப்போ! ஒவ்வொரு தடவை நீங்க பெட்டி கட்டும்போதும், இந்தத் தடவை திரும்பி வருவாரான்னு வாசல்ல நின்னிருக்கேன். கேட்டா உண்மையாயிடுமோன்னு கேட்கல. பெத்ததுக வளரட்டும்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு, அடுப்படியில மாவு பிசைஞ்சேன். அங்கே இருக்கிறவளைவிட நல்லா சமைக்கணும்னு பிசைஞ்சேன்!”

ஐயோ, எத்தனை வருடக் கண்ணீர் அந்த மாவில் கலந்திருந்தது! அவளுக்கு வலிக்கக் கூடாது என்று அவர் மறைத்த சின்னஞ்சிறு விஷயம், அவளுக்குள் இத்தனை பெரிய முள்ளாக வளர்ந்து கிடந்திருக்கிறதே! ஊசிக்காரர் தரையில் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். விம்மி அழுதார்.

நூல்காரர் மூக்கை உறிஞ்சினார். “இவனுக்கா? இன்னொரு வீடா? தங்கச்சி, இவன் அங்கே கச்சோரியைத் தவிர வேற எதையும் நிமிர்ந்து பார்த்ததில்ல. லாட்ஜ்ல ராத்திரி என் உயிரை வாங்குவான், ‘டேய், அவ செய்யற கச்சோரிதாண்டா எனக்குப் பிடிச்சிருக்கு’ன்னு. நான் ஏதோ பொண்டாட்டிக்குப் பயந்த ஆளுன்னு நினைச்சிட்டேன்.”

“பயந்தவர்தான்” என்றாள் அவள். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. குனிந்து கணவரின் தோளைத் தட்டினாள். “எழுந்திருங்க. வந்தவர் முன்னாடி தரையில உட்கார்ந்துகிட்டு. மூட்டு பிடிச்சுக்கும்.”

மூவரும் சாப்பிட்டார்கள். அவள் முதலில் உப்பலானதைத் தின்றாள், நிதானமாக, எதிரியை எடைபோடுகிறவள்போல. பிறகு தன்னுடையதைத் தின்றாள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்கும் தைரியம் அங்கிருந்த எந்த ஆணுக்கும் வரவில்லை.

“அண்ணே, குல்சா மேல எள்ளு போடறது சரிதானே?”

ஊசிக்காரரின் கை பாதியில் நின்றது. அங்கே ரொட்டியின் மேல் தூவியிருந்தது கருஞ்சீரகம். கறுப்பாகத் தெரிந்ததைக் கறுப்பு எள் என்று அவளிடம் சொல்லிவிட்டார், அடுத்த முறை போனபோதுதான் உண்மை தெரிந்தது அவருக்கு. நூல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரயிலுக்கு நேரமாச்சு தங்கச்சி.”

“ஒரு நிமிஷம் இருங்க.” அவள் உள்ளே போய், அவர் கொண்டுவந்த அதே பெட்டியில் தன் குழிவிழுந்த கச்சோரிகளை நிரப்பி எடுத்து வந்தாள். “அந்தக் கடைக்காரருக்குக் குடுங்க. கண்ணை மூடிட்டுச் சாப்பிடறவரோட வீட்டுக்காரி செஞ்சதுன்னு சொல்லுங்க.”

“கண்டிப்பா. அவன் தின்னுட்டு என்ன சொன்னான்னு உடனே போன் பண்ணிடறேன்.”

“வேண்டாம் அண்ணே. அடுத்தவங்க சொல்லிக் கேட்டது போதும். மழைக்காலம் முடிஞ்சதும் நான் அங்கே வர்றேன். அவர்கிட்ட நானே கேட்டுக்கறேன்.”

ஊசிக்காரர் மெதுவாகக் கேட்டார். “நானும் வரலாமா?”

“நீங்க வராம? பை யாரு தூக்கறது?”

நூல்காரர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். பெட்டியை மார்போடு அணைத்தபடி படியிறங்கினார். ஊசிக்காரர் சட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார்.

“டேய், இரு, ஸ்டேஷன் வரைக்கும் நானும்...”

“நீங்க எங்கே நழுவறீங்க?” அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உள்ளே வாங்க. அந்த எள்ளு விஷயத்துக்கு இன்னும் பதில் வரல.”

படியில் நூல்காரரின் சிரிப்பு இறங்கிக்கொண்டே போனது. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.