கோலியர்ஸ் வுட்டில் நின்றுபோன பாட்டு

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு சின்ன மண்டபம், காலை பதினொரு மணி. மத்தியானக் கச்சேரிக்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்திலிருந்து வந்திருக்கும் பழங்குடி ராக் குழு மேடையில் கிட்டார்களுக்குச் சுருதி சேர்க்கிறது. ஒலி அமைப்பு சிவம் அண்ணையின் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். ஸ்பீக்கரைச் சோதிக்க, ஒரு மரியாதைக்காக, அந்தக் குழுவின் பழைய சிடியையே போடுகிறார்.

மேடையில் எல்லாக் கைகளும் நின்றுவிடுகின்றன.

டிரம்மர் இறங்கி வந்து மெதுவாகச் சொல்கிறார். பாடுவது அவருடைய அண்ணன், இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் வழக்கப்படி, குடும்பம் சரியென்று சொல்லும்வரை இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை, குரலையும் கேட்பதில்லை. சொல்லிவிட்டுப் போனோடு வாசலுக்குப் போகிறார்.

பாட்டை உடனே நிறுத்திய சிவம் அண்ணை, சிடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எங்கட ஆக்கள் செத்தால் குரலைப் போட்டுக் கேட்டுத்தானே மனம் ஆறுவம், தம்பி. இப்பிடி ஒண்டு இருக்கெண்டு தெரியேல்லை."

"தெரியாமல்தானே செய்தீர்கள்?"

"ஓம். ஆனால் அந்தாளின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு."

கால் மணி நேரம் கழித்து டிரம்மர் சிரித்தபடி வருகிறார். போனில் அவருடைய அண்ணி, பாடியவரின் மனைவி, இருக்கிறாள். இத்தனை காலம் போதுமாம், பாட்டைத் திரும்பப் போடச் சொல்கிறாள்.

சிவம் அண்ணை நீளமாக மூச்சு விட்டு சிடியைச் செருகுகிறார். டிரம்மர் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டுகிறார். முதல் வரி முடிவதற்குள் போனிலிருந்து ஒரு பெண்குரலும் சேர்ந்து பாடுகிறது. அது எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சிவம் அண்ணை ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறார்.