மாமா ஓடிய பத்து கிலோமீட்டர்

என் அக்கா கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊராரை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதற்கு இருபத்திரண்டு வருடம் உழைத்தவர், தானாகப் படியேறுவதைத் தொழிலுக்குச் செய்யும் துரோகமாக நினைத்தார். முதல் மாடிக்குப் போவதென்றாலும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் நிற்பார். அந்தக் கொள்கைப் பிடிப்பு வயிற்றில் தெரிந்தது.

ஒருநாள் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். மோட்டார் அறை மொட்டைமாடியில் இருந்தது. லிஃப்ட்டைச் சரிசெய்யப் போகிறவருக்கு லிஃப்ட் கிடையாது என்ற உண்மை அன்றுதான் மாமாவுக்கு முழுதாக உறைத்தது. மூன்றாவது மாடியில் வியர்த்தது. ஐந்தாவது மாடியில் நாக்கு தள்ளியது. ஆறாவது மாடியில் கருவிப் பையை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மூச்சு வாங்கிய சத்தம் கூண்டுக்குள் இருந்தவருக்கே கேட்டதாம்.

"யாருங்க அது?"

"மெக்... மெக்கானிக்... மா..."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க முதல்ல நல்லா மூச்சு விடுங்க."

சொன்னதோடு நிற்காமல், உள்ளே இருந்தபடியே கைப்பேசியில் ஆம்புலன்ஸையும் அழைத்துவிட்டார், மாமாவுக்காக. ஸ்ட்ரெச்சரோடு ஆறு மாடி ஏறி வந்த இருவரும் மூச்சே வாங்காமல் அவரைப் படுக்கவைத்தார்கள். வேறொரு மெக்கானிக் வந்துதான் அந்த அம்மாவை வெளியே எடுத்தார். அந்தத் தலைமையாசிரியை லிஃப்ட் கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரே ஒரு வரி: "லிஃப்ட் பழுதானதைப் பற்றிப் புகார் இல்லை, உங்கள் மெக்கானிக்கைச் சீக்கிரம் பழுதுபார்க்கவும்."

மேலாளர் அதைச் சத்தமாகப் படித்துக்காட்டினார். மானம் கப்பலேறிய மாமா, மறுநாள் காலையிலிருந்து ஓடப்போவதாக வீட்டில் அறிவித்தார்.

"எங்க?" என்றாள் அக்கா.

ஓடினார். எங்கள் தெருவில் முதல் வாரம் அவர் ஓட்டம், மருந்துக்கடை வரை. அங்கே போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போகிற வருகிறவர்கள் என்ன மருந்து வேண்டும் என்று விசாரிப்பார்கள். பேசத் தெம்பில்லாமல் கையை மட்டும் ஆட்டுவார். இரண்டாம் வாரம் வலது விலாவில் குத்தியது. மூன்றாம் வாரம் குதிகால். அப்புறம் முழங்கால். வலி ஒவ்வொன்றும் சொல்லிவைத்தாற்போல ஒரு வாரம் தங்கி, அடுத்ததை உட்காரவைத்துவிட்டே கிளம்பியது.

அக்கா மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். முழங்காலைப் படம்பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதை வச்சிருக்கிற ஆள்தான் சரியில்ல."

இந்தச் சமயத்தில்தான் மாமா ஓட்டக்காரர் குழு ஒன்றில் சேர்ந்தார். அதன் தலைவர் ஒரு பல் டாக்டர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். அந்தக் குழுவோடு ஓரிரு முறை நானும் போய் நின்றிருக்கிறேன். ஓடுவது அரைமணி நேரம். ஓடியதைப் பற்றிப் பேசுவது ஒன்றரை மணி நேரம். கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவர்கள் வரன் பற்றிப் பேசுவதுபோல ஆளாளுக்குத் தங்கள் வலியைப் பற்றிப் பேசினார்கள். "எனக்குத் தொடைப் பின்பக்கம்," என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒரு வலியா? எனக்கு இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும்," என்பார் இன்னொருவர். எந்த வலியும் இல்லாதவர் ஒருவர் இருந்தார். அவரை யாரும் மதிக்கவில்லை.

மூச்சு விடுவதையும் கேப்டன்தான் கற்றுக்கொடுத்தார். மூன்று காலடிக்கு இழுக்க வேண்டும், இரண்டு காலடிக்கு விட வேண்டும். நாற்பத்தேழு வருடமாக யாரையும் கேட்காமல் மூச்சு விட்டவர், இப்போது எண்ணி எண்ணி விட்டதில் கணக்குத் தப்பி நடுத்தெருவில் திணறினார். அது போதாதென்று எனக்கும் பாடம்.

"நீ விடுறது மூச்சே இல்ல மாப்ள. நெஞ்சுல இருந்து விடுற. வயித்துல இருந்து வரணும்."

"உங்களுக்கு இடம் இருக்கு மாமா," என்றேன்.

வீடு தைல வாசனையில் மிதந்தது. குளிர்பதனப் பெட்டியில் ஐஸ்கட்டி மொத்தமும் முழங்காலுக்கு. உட்கார்ந்தால் எழ ஒரு ஐயோ, எழுந்தால் நடக்க ஒரு ஐயோ. மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினார். அப்படியே ஆறு மாதம் போனது. பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வந்தது.

நெஞ்சில் எண், ஷூவில் நேரம் பதியும் சில்லு. வழியில் நான்காவது, எட்டாவது கிலோமீட்டரில் தரையில் விரித்த பாய்களை மிதித்தால் நேரம் தானே பதிவாகும். கொடி அசைந்ததும் படமெடுப்பவரைப் பார்த்துச் சிரித்தபடி மாமா பாய்ந்த பாய்ச்சலில் நானே கொஞ்சம் அசந்துபோனேன். முடிவுக் கோட்டில் நானும் அக்காவும் காத்திருந்தோம். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் வந்துவிட்டார்! குழுவில் பாதிப்பேர் பின்னால்தான் வந்தார்கள். கேப்டன் கட்டிப்பிடித்தார். பதக்கத்தோடு எடுத்த படத்தைக் கம்பெனி அறிவிப்புப் பலகையில் மேலாளரே ஒட்டினார்.

மூன்று நாள் கழித்து நேரப் பட்டியல் வெளிவந்தது. கேப்டன் அதைக் குழுவினர் எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பி, மாமாவின் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்திருந்தார். முதல் நான்கு கிலோமீட்டர், முப்பத்தொரு நிமிடம். அடுத்த நான்கு, ஆறு நிமிடம். "வாழ்த்துகள். குதிரைகூட இப்படி ஓடாது," என்று எழுதியிருந்தார்.

அக்கா கைப்பேசியை மேசையில் வைத்தாள்.

"எதுல போனீங்க?"

மாமா கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்தார். அது வேலைக்கு ஆகவில்லை.

"தண்ணி பாட்டில் வண்டியில. டிரைவர் தெரிஞ்சவர். அவங்க கிடங்குல நான்தான் லிஃப்ட் பார்க்கிறேன். மூச்சு முட்டி ஓரமா உட்கார்ந்திருந்தேன். பின்பக்க ரோடு வழியா எட்டாவது கிலோமீட்டருக்குத் தண்ணி கொண்டுபோறேன், ஏறுங்கன்னாரு. கொஞ்ச தூரந்தானேன்னு ஏறினேன். இறங்க மனசு வரல."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என்னைப் பார்த்து, "ஊருக்கே லிஃப்ட் குடுக்கிற மனுஷன் ஒருநாள் வாங்கிக்கிட்டாருடா, விடு," என்றாள். அதற்குத் திட்டே தேவலாம். மாமா முகம் சுண்டிப்போய் உள்ளே போனார்.

ஆனால் மறுநாள் பதக்கத்தை எடுத்துக்கொண்டு அவரே குழுவுக்குப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். "தப்புதான். வண்டியில வந்தேன்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிப் பதக்கத்தை நீட்டினார். கேப்டன் நேர்மை பற்றிக் கால்மணி நேரம் பேசினார். மாமா தலைகுனிந்து கேட்டார். வேலை இல்லாமல் நின்ற நான் அதே பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். கேப்டன் பெயருக்கு நேரே நான்காவது கிலோமீட்டரும் இல்லை, எட்டாவதும் இல்லை. தொடக்கம் இருந்தது, முடிவு இருந்தது.

கைப்பேசியை மாமாவிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"டாக்டர், உங்க வரியில நடுவுல ஒண்ணுமே காணோமே?"

"சில்லு வேலை செய்யல," என்றார் கேப்டன்.

"தொடங்குற இடத்துல வேலை செஞ்சிருக்கு. முடியிற இடத்துலயும் செஞ்சிருக்கு. நடுவுல மட்டும் ரெண்டு தடவை தூங்கிடுச்சா? நான் சோறு தின்றதே லிஃப்ட் சென்சார் பார்த்துத்தான், டாக்டர்."

வலியே இல்லாத அந்த மனிதர் மட்டும் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் கேப்டனுக்கு நோயாளிகள் அதிகமாகி, ஓட நேரமில்லாமல் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

மாமா ஓடுவதை விடவில்லை. வலியில்லாத மனிதரோடு இப்போது ஓடுகிறார். அவர் பாடம் எடுப்பதில்லை என்பதால் மாமாவுக்கு மூச்சை எண்ண வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. நிற்பார், நடப்பார், ஓடுவார். அடுத்த வருடப் பந்தயத்தில் ஒரு மணி இருபத்துமூன்று நிமிடம்; கடைசியிலிருந்து மூன்றாவது. பாய்கள் எல்லாவற்றையும் மிதித்திருந்தார். எட்டாவது கிலோமீட்டர் பாயை மிதித்த பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் திரும்பிவந்து இன்னொரு முறையும் மிதித்தாராம்.

அந்த ஓட்டத்தில் கால் கட்டைவிரல் நகம் கறுத்து, இரண்டு வாரத்தில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். நான் மூன்று முறை பார்த்தாயிற்று.