நல்லசிவம் வாய் வைத்த கிண்ணம்

நல்லசிவம் எச்சில் பார்ப்பவர். தண்ணீர், காபி, இருமல் மருந்து, எதுவானாலும் அண்ணாந்துதான் குடிப்பார். ஊருக்குப் போகும் ரயில் ஆடுகிற ஆட்டத்திலும் ஒரு சொட்டு சட்டையில் விழாது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். உத்தியோகம் தில்லியில், மத்திய அரசின் ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வீடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ். எனக்கு அப்பா. அப்பா என்று எழுத ஆரம்பித்தால் புகழ வேண்டியிருக்கும். அதனால் பெயர் சொல்லியே எழுதுகிறேன். அம்மாவை அப்படிச் செய்ய முடியாது, அவள் கையில் கரண்டி இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பிடித்த பைத்தியம், வாய் வைத்துக் குடிப்பதற்கென்றே கையால் செய்த ஜப்பானியத் தேநீர்க் கிண்ணங்கள்.

ஆரம்பம் என்னவோ பக்திதான். சாணக்யபுரியில் தூதரகக் குடும்பங்கள் போட்ட ஒரு பஜாரில், திருநீறு வைக்க ஆகும் என்று ஒரு கறுப்புக் கிண்ணம் வாங்கி வந்தார். சக்கரத்தில் சுற்றாமல் விரலாலேயே பிடித்துப் பிடித்துச் செய்தது. திருநீற்றைக் கொட்டுவதற்கு முன் இரண்டு கையாலும் ஒரு தடவை ஏந்திப் பார்த்தார். அவ்வளவுதான். திருநீறு இன்னும் பழைய பித்தளைச் சம்புடத்தில்தான் இருக்கிறது. கிண்ணம் ஷோகேஸுக்குப் போயிற்று.

பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குர்காவ்னில் இருக்கும் ஜப்பானியக் கம்பெனிக்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமான்களை விற்பார்கள். மற்றவர்கள் ஏசிக்கும் வாஷிங் மெஷினுக்கும் முட்டி மோத, இவர் சமையலறை மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிண்ணங்களைக் கவிழ்த்துக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். மேலே மெருகு மூடிவிடும், செய்தவனின் விரல் அடியில்தான் தெரியும் என்பார்.

"இதுக்குப் பேரு என்னமோ சொன்னியளே?" என்றாள் அம்மா ஒரு நாள்.

"சாவான்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில வார வார்த்தையைப் பாரு. கிண்ணம்னே சொல்லுங்க."

கிண்ணம் என்றே ஆயிற்று. அம்மாவின் ஆற்றாமை பெயரில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தான் குடித்த டம்ளரைக் கழுவாதவர், ஞாயிற்றுக்கிழமை பனியனோடு நின்று, யாருமே குடிக்காத கிண்ணங்களைக் கழுவி, ஈரம் ஒற்றி, நிழலில் காயவைப்பார். "அடுத்த பிறவியில நானும் சப்பான்ல மண்ணாப் பொறக்குதேன்" என்பாள் அம்மா, பாத்திரங்களை ஸிங்க்கில் கொஞ்சம் சத்தமாகவே போட்டு.

நானும் என்னாலான சேவையைச் செய்தேன். டீக்கடைக்காரன் டீ ஊற்றித் தரும் குல்லட் என்கிற மண் குவளை ஒன்றை அலம்பி, வாயில் வந்த ஜப்பானியப் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டி, வரிசையில் வைத்தேன். வீட்டுக்கு வந்த ஆபீஸ் நண்பர்கள் அதைத்தான் அதிகம் பாராட்டினார்கள். மறுநாள் அது குளியலறையில் நல்லசிவத்தின் டூத் பிரஷ்ஷைச் சுமந்து நின்றது. சீட்டை மட்டும் கிழிக்கவில்லை.

வசந்த் விஹாரில் ஹயாஷி என்றொரு அம்மையார் இருந்தார். தேநீர்ச் சடங்கு சொல்லிக்கொடுப்பவர். தில்லியில் இருந்து இருந்து இந்தி சரளமாகிவிட்டது, ஆண்பால் பெண்பால் மட்டும் எங்கள் வீட்டைப் போலவே தகராறு. ஜப்பானுக்கே திரும்பிப் போவதால் தன் கிண்ணங்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு நல்லசிவம் வெறுங்கையோடு, ஆனால் முகம் சிவந்து வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. ஹாகிங்கிற ஊர்ல செஞ்சது. வெந்த பனங்கிழங்கு நெறம். மேல பூரா முடி மாதிரி கீறல். குடிக்கக் குடிக்க அந்தக் கீறல்ல தேயிலை ஊறி நெறம் மாறிக்கிட்டே வருமாம். அடி வளையத்துல ஒரு வெட்டு வேற விட்டிருக்கான், வேணும்னே."

"ஒடைஞ்சதத் தலையில கட்டப் பாக்கா" என்றாள் அம்மா.

"கட்டினாத்தான் பரவாயில்லையே. குடிக்கிறவங்களுக்குத்தான் குடுப்பாவளாம். கண்ணாடிக்குள்ள பூட்டி வைக்கிறவனுக்குக் கெடையாதாம். குடும்பத்தோட வந்து குடிச்சுக் காட்டணுமாம்."

இவர் சரிப்படாவிட்டால் எடுத்துக்கொள்ள அபினவ் என்ற பானை ஸ்டூடியோக்காரன் தயாராக இருந்தான். அவன் எதையும் வாய் வைத்துக் குடிப்பவன்.

பயிற்சி தொடங்கியது. கறுப்புக் கிண்ணத்தில் முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர். நல்லசிவம் கிண்ணத்தை உதடு வரை கொண்டுவருவார். அங்கே வந்ததும் கை தன்பாட்டுக்கு மேலே போகும், தலை பின்னால் சாயும். கிண்ணத்துக்கோ மூக்கு கிடையாது. பச்சைத் தண்ணீர் இரண்டு கன்னத்திலும் வழிந்து காதுக்குள் போனது.

"அப்பா, அபிஷேகம் நல்லாருக்கு."

"ஏட்டி, வாயை மூடுதியா?"

"நீங்க மொதல்ல வாயை வைங்க."

கடைசியில் வைத்துவிட்டார். தன் கிண்ணம், தன் எச்சில், அதில் ஒன்றும் குற்றமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாய் வைக்கிற விஷயம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

ஹயாஷி அம்மையாரின் அறையில் பாய் விரித்திருந்தது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, பச்சைப் பொடியில் கொஞ்சமே கொஞ்சம் வெந்நீர் விட்டு, மூங்கில் துடைப்பம் போன்ற ஒன்றால் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்தார். பனங்கிழங்கு நிறக் கிண்ணம் ஒன்றே ஒன்று. நாங்கள் மூன்று பேர். நல்லசிவம் மற்ற இரண்டு கிண்ணங்களைத் தேடி அறை முழுக்கப் பார்த்தார்.

இது கெட்டித் தேநீர் என்றார் அம்மையார். எல்லோரும் ஒரே கிண்ணத்தில்தான் குடிக்க வேண்டும். குடித்தவர் வாய் பட்ட இடத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பது முறை. சொல்லிவிட்டு அம்மாவின் முன்னால் கிண்ணத்தை வைத்தார். "பெஹ்லே மேடம்."

நல்லசிவத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. கணவன் சாப்பிட்ட இலையில் மனைவி சாப்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கல்யாணத்தன்று அம்மா சாப்பிட்டிருக்கிறாள். மனைவியின் இலையில் கணவன் உட்கார்ந்ததாக எங்கள் சொந்தத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அம்மா கிண்ணத்தை எடுத்தாள். பிறந்ததிலிருந்து அப்படியே குடித்து வளர்ந்தவள் போல உதடு பதித்து மூன்று வாய் குடித்தாள். அவர் ஆபீஸ் போன பிறகு அவள் டம்ளரில் வாய் வைத்துத்தான் காபி குடிப்பாள். எனக்குத் தெரியும். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காகிதம் மடித்தபடியே அவள் மடியில் கிடந்தது. துடைக்கவில்லை. விளிம்பில் பச்சையாக ஓர் உதடு. அப்படியே அவரிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். ஹயாஷி அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தப் பக்கம் திருப்பிக்குங்க" என்றேன், காதோடு.

"ஏட்டி, சும்மா இரு" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டே.

நல்லசிவம் கிண்ணத்தைத் திருப்பினார். பச்சை உதடு மறுபக்கம் போனது. சுத்தமான விளிம்பு முன்னால் வந்தது. குடிக்கவில்லை. விரலால் அந்தக் கீறல்களைத் தடவியபடி இருந்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அவள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் மூச்சு விடுவதாகத் தெரியவில்லை.

மெதுவாக மறுபடியும் திருப்பினார், அந்த உதடு தன் முன்னால் வரும்வரை. கண்ணை மூடிக்கொண்டு, அங்கேயே வாய் வைத்துக் குடித்தார்.

பிறகு எனக்குக் கொடுப்பதற்காக விளிம்பைத் துடைத்தார் பாருங்கள்! காகிதம் கிழிந்து, ஹயாஷி அம்மையார் சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தேநீரைப் பற்றிக் கேட்காதீர்கள். வேப்பங்கொழுந்துக்கு நான் இவ்வளவு நாள் அநியாயம் செய்துவிட்டேன்.

மரப்பெட்டிக்குள் கிண்ணம் வந்தது. ஆட்டோவில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார் நல்லசிவம்.

"என்ன, வாயக் கொப்பளிக்கலையா?" என்றாள் அம்மா.

"டெல்லில எங்க தண்ணி வருது."

ஆட்டோக்காரர்தான் ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் அவரிடம் திட்டு வாங்கினார்.

இன்றைக்கும் நல்லசிவம் டம்ளரில் அண்ணாந்துதான் குடிக்கிறார். ஆபீஸில் அவருடைய டம்ளரை யாரும் தொட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஹாகிக் கிண்ணம் ஷோகேஸிலிருந்து இறங்கும். பச்சைப் பொடிக்கு எங்கே போவது, ஃபில்டர் காபிதான். அம்மா முதலில், அவர் பிறகு. குடித்துவிட்டு அவரே கழுவி வைப்பார்.

கீறல்களில் நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. சுற்றிலும் இல்லை, விளிம்பில் ஒரே ஓர் இடத்தில். அதை நான் சொன்னால் இரண்டு பேரும் அந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவார்கள். அதனால் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கும் அதுல ஒரு வாய் குடுங்களேன்."

"நீ டம்ளர்ல குடி" என்றார்கள், இரண்டு பேரும் சேர்ந்தே.