பால் காய்ச்சக் கூப்பிடாத வீடுகள்

சமையல் மேடைக்குக் குவார்ட்ஸ் கல் பார்த்துக் கொடுக்கிற வேலையில், கல்லை ஒட்டும் வரைக்கும் நாம் சொந்தக்காரர். ஒட்டிய மறுநாள் யாரோ. இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலூர் கடையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஒரு மாதம் தினம் பத்து தடவை போன் பேசியவர்கள், புது வீட்டில் பால் காய்ச்சும்போது ஒரு போன் பண்ணியதில்லை. கூப்பிடாத ஒவ்வொரு வீடும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகன் திருப்பூரில். ஒரு வீட்டில் இலை போட்டு உட்காரச் சொன்னால் வேண்டாம் என்றா சொல்வேன்?

பிஸ்கட் அளவுத் துண்டு

கடலூர்த் தம்பி ஒருவன் மனைவியோடு வந்தான். பிஸ்கட் அளவு மாதிரித் துண்டைப் பார்த்து, இந்த வெள்ளைதான் வேண்டும் என்றான். துண்டில் மெல்லிசாகத் தெரிகிற சாம்பல் கோடு முழுப் பலகையில் கை அகலத்துக்கு ஓடும் என்றேன். நம்பவில்லை. பலகையை வெயிலில் நிறுத்திக் காட்டியதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கோடு இல்லாத ஒன்றுக்காகப் புதுச்சேரி குடோன்களில் எல்லாம் அவர்களோடு அலைந்தேன். வழியெல்லாம் மாமா, மாமா என்றுதான் பேச்சு.

பிறகு ஒரு நாள் அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பால் பொங்குகிற படம் வந்தது. நான் தேடி எடுத்த கல்மேல்தான் அடுப்பு இருந்தது. வேறு வேலையாகப் பேசுவதுபோல் போன் போட்டு விசாரித்தேன்.

“அது சொந்தக்காரங்களோட முடிச்சிட்டோம் மாமா” என்றான்.

கறுப்புதான் வேண்டும்

சிதம்பரத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், குளியலறை வாஷ்பேசின் மேடைக்குக் கறுப்பு கேட்டார். உங்கள் தெருவில் உப்புத் தண்ணீர், கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், சந்தன நிறம் எடுங்கள் என்றேன். எத்தனாவது வரைக்கும் படித்தீர்கள் என்று கேட்டார். ஐந்தாவது என்றேன். கறுப்பையே எடுத்தார்.

பின்னால் அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். வாத்தியார் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. வண்டியை மெதுவாக ஓட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பந்தியைத் தாண்டி நேராகக் குளியலறைக்கு.

“நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் குழாய் ஓட்டைய கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுத்துட்டுப் போங்க.”

பலாப்பால் பரீட்சை

அன்றைக்கு முடிவு பண்ணினேன், கல் ஒட்டிய பிறகு வருகிற போனை எடுப்பதில்லை என்று. கறை, விரிசல் இரண்டைத் தவிர வேறு எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

அதற்கப்புறம் வந்தவர் காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற ஒரு அம்மா. நான் சொன்ன எதையும் நம்பவில்லை. ஆறு மாதிரித் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய், ஐந்து நாள் கழித்துக் கொண்டுவந்து அடுக்கினார். ஒவ்வொன்றிலும் மஞ்சளைத் தடவி, பலாப்பாலை வடித்து, அடுப்பில் காய்ந்த வாணலியையும் வைத்துப் பார்த்திருக்கிறார். வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. பலாப்பால் எண்ணெய் போட்டுத் துடைத்ததும் விட்டுப்போயிருந்தது. வாணலிச் சூடு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் சாம்பல் நிறம் எடுத்தார். மேடை உயரத்துக்காக அவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தேன்.

“சமைக்கிறவ ஒயரத்த அளந்த மொத ஆளு நீங்கதாண்ணே. மத்தவங்கல்லாம் எங்க வீட்டுக்காரர நிக்க வச்சுதான் பேசுனாங்க.”

நாலு போன்

கல் ஒட்டி ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் அந்த அம்மா நம்பரிலிருந்து நாலு போன். விரிசல்தான் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஓட்டலில் வாங்கிவந்த இட்லியைத் தின்றேன்.

அடுத்த வாரம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்துவிட்டார். நானே முந்திக்கொண்டு, கல்லுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். கல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பத்திரிகை அடிக்கவில்லையாம், வேண்டியவர்களுக்கு மட்டும் போனில் சொன்னார்களாம்.

“பால் காய்ச்சிட்டு ஒங்களுக்கு எல போட்டு வச்சிருந்தேண்ணே. மத்தியானம் வரைக்கும் அந்த எலைல யாரையும் ஒக்கார விடல.”

இப்போதெல்லாம் எந்த போன் வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். இதுவரைக்கும் வந்ததெல்லாம் கறையும் விரிசலும்தான்.